நூல் சேலைப் பாட்டு

பூவம்மாள் அந்தப் பாட்டைத் தானே கட்டினாள் என்று எங்கள் தெருவில் ஒருவரும் நம்பவில்லை. நானும் நம்பவில்லை. நம்புவது என் தொழிலும் இல்லை. பிள்ளையார்பாளையத்தில் பட்டுக்குச் சாயம் போடுகிறவன் நான். பளபளவென்று எதைக் கண்டாலும் கட்டை விரலை எச்சில் பண்ணி ஒரு தேய் தேய்த்துப் பார்த்துவிட்டுத்தான் எனக்கு அடுத்த பேச்சு. விரலில் நிறம் ஒட்டினால் அது சாயம் இல்லை, வெறும் பூச்சு. மனுஷர்களையும் அப்படித்தான் பார்ப்பேன். 'சபாபதி பெத்த புள்ளையையே தேய்ச்சுப் பாப்பான்' என்று என் காதுபடவே பேசுவார்கள். பேசட்டுமே, எனக்கென்ன வந்தது.

பூவம்மாள் என் பக்கத்து வீட்டுக்காரி. வாலாஜாபாத் பக்கம் வேர்க்கடலை பயிர் வைத்த குடும்பத்துப் பெண். அவள் புருஷன் முனிசாமி வீட்டிலும் அப்பா காலத்தில்தான் ஏரை விட்டுவிட்டுத் தறிக்கு வந்தார்கள். கல்யாணமாகி வந்தபோது அவளுக்கு நாடா எது, நீளவாக்கில் கட்டுகிற பாவு நூல் எது என்று தெரியாது. ஆனால் கோர்வைச் சேலை நெய்யத் தறிக்கு இரண்டு பேர் வேண்டும். உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம்; இரண்டையும் கோக்க, ஓரத்தில் ஒருவர் உட்கார்ந்து கரைக்கான நாடாவை வீச வேண்டும். கூலிக்கு ஆள் வைக்கக் கட்டாது என்று முனிசாமி பெண்டாட்டியையே உட்கார வைத்தான். அப்படி உட்கார்ந்தவள் நாற்பது வயதிலும் அதே ஓரத்தில்தான் உட்கார்ந்திருந்தாள்.

வாய் மட்டும் ஓயாது. முனிசாமி பேசாத பேச்சையெல்லாம் அவளே சேர்த்துப் பேசுவாள், பேசி அலுத்தால் பாடுவாள். தறி வீட்டில் காற்றாடி போட மாட்டார்கள், இழை கலையும் என்று. ஆடிப் புழுக்கத்தில் அந்த அறைக்குள் உட்கார்ந்துகொண்டு ஒரு மனுஷி எப்படிப் பாடுகிறாள் என்று எனக்கு எரிச்சலாக இருக்கும். என் சாயக் கொட்டகைக்கும் அவர்கள் தறி அறைக்கும் நடுவில் ஒரே சுவர். அவள் தும்மினால் எனக்குக் கேட்கும்.

எழுபத்தொன்றாம் வருஷம் ஆடி மாதம். சாமி உண்டு, இல்லை என்று மேடைக்கு மேடை சண்டை போட்டுக்கொண்டிருந்த வருஷம் அது. தெருக்கோடி அம்மன் கோயிலில் முதல் வெள்ளிக்குக் கூழ் ஊற்றினார்கள். கூழ் முடிந்ததும் பெண்கள் கும்மி தட்டுவது வழக்கம். அந்த வருஷம் கும்மிக்கும் மைக் வைத்தார்கள். மைக் செட் ஷரீஃப் பாயுடையது. அம்மன் கோயிலோ, தர்கா உரூஸோ, கட்சிக் கூட்டமோ, எங்கள் பக்கத்தில் அவர் குழாய்தான் கத்தும். ஒவ்வொரு பெண்ணாக மைக் முன்னால் தள்ளினார்கள். பூவம்மாளை யாரும் தள்ளவில்லை, தானே வந்து நின்றாள்.

அம்மனே பேசுவதுபோல ஒரு பாட்டு.

'கட்டிவிட்ட பட்டுக்குள்ள கசகசன்னு வேர்க்குதடி,
காத்தோட்டமா நிக்க ஒரு நூல்சேல குடுங்கடி.
ஜரிகைக்கரை கழுத்தறுக்க சாமியின்னு நிக்கிறண்டி,
சாயம்போன சேலன்னாலும் சந்தோசமா கட்டுறண்டி.'

பெண்கள் சிரித்தார்கள் பாருங்கள், அப்படி ஒரு சிரிப்பு. திருப்பித் திருப்பிப் பாடச் சொன்னார்கள். மெட்டோ, கேட்டவன் காலைத் தானாகத் தட்ட வைக்கிற மெட்டு. அடுத்த வெள்ளிக்குள் வாலாஜாபாத் பஸ்ஸில் கண்டக்டர் விசிலடிக்கிற அளவுக்குப் போய்விட்டது. அந்த ஊர் மெல்லிசைக் குழு ஒன்று தபேலா, அக்கார்டியன் எல்லாம் சேர்த்துக் கல்யாண மேடையில் பாடி, ஒன்ஸ்மோர் வாங்கியது. 'நாட்டுப் பாட்டு' என்று அறிவித்தார்களாம்.

வம்பு கிளம்பிற்று.

எங்கள் தெருவில் பாதித் தறிக்குப் பாவு கொடுத்துக் கூலிக்கு நெய்து வாங்குபவர் தணிகாசலம் முதலாளி. ஆடிக் கடைசி வெள்ளிக்கு அம்மனுக்குப் பட்டுச்சேலை சாத்துவது வருஷா வருஷம் அவர் உபயம். பாட்டு தன்னைக் குத்துகிறது என்று அவருக்குப் பட்டது. 'நம்ம பாவுல சோறு துன்னுக்கினு, நம்ம ஊர்லயே மைக் வச்சு, பட்டு கசகசங்குதுன்னு பாடறாளே! சும்மாவா பாடுவா? எவனோ நூல் சேலை வியாபாரி தூண்டி உட்டுருக்கான்பா' என்றார். கோயில் பூசாரி அப்படி நினைக்கவில்லை. முனிசாமியின் தம்பி உமாபதி கட்சிக்காகச் சுவரெழுத்து எழுதுகிறவன். சாமியைக் கிண்டல் பண்ண அவன்தான் அண்ணிக்கு எழுதிக் கொடுத்தான் என்று பூசாரி சத்தியம் செய்தார். உமாபதியின் கட்சிக்காரர்கள் அவனைத் தனியாகக் கூப்பிட்டு, 'இன்னாய்யா, ஊட்ல அம்மன் பாட்டு எழுதிக்கினு இருக்கியாமே' என்று விசாரித்தார்கள். பாவம், அவன் இரண்டு பக்கமும் மாட்டிக்கொண்டு திருதிருவென்று விழித்தான்.

என் சந்தேகம் வேறு. வார்த்தையை யாராவது எழுதிக் கொடுத்திருக்கலாம், மெட்டு எங்கிருந்து வந்தது? சினிமாவில் திருடியதுதான் என்று முடிவு கட்டினேன். ஷரீஃப் பாய் கடைக்குப் போய் உட்கார்ந்து, இருக்கிற இசைத்தட்டையெல்லாம் போடச் சொன்னேன். தமிழ் தீர்ந்து தெலுங்கு, தெலுங்கு தீர்ந்து இந்தி. பாய் முதலில் சிரித்தார், பிறகு கொட்டாவி விட்டார்.

'சபாபதி, அத்தினி பிளேட்டும் போட்டாச்சு. இதுல இல்லப்பா.'

'உங்ககிட்ட இல்லாத பிளேட்டா இருக்கும்.'

'அரே, அந்தம்மா சொந்தமா போட்டுச்சுன்னு சொன்னா உனக்கு இன்னா நஷ்டம்?'

நஷ்டம் ஒன்றுமில்லை. ஆனால் நான் காதால் கேட்ட விஷயம் ஒன்று இருந்தது. ஆடி பிறப்பதற்கு முன்னால் பல நாள், சுவருக்கு அந்தப் பக்கம் தறி அடிக்கிற சத்தத்தோடு அவள் முணுமுணுப்பதைக் கேட்டிருக்கிறேன். ஒரே வரியைப் பல விதமாகச் சொல்லுவாள். நிறுத்துவாள். 'ப்ச்' என்பாள். வேறு மாதிரி சொல்லுவாள். யாரோ கொடுத்ததை உருப்போடுகிறாள், மண்டையில் ஏறவில்லை என்றுதான் அப்போது நினைத்தேன். யார் கொடுத்தது என்று தெரிந்துகொள்ள மேலும் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். அதனால் அவள் சொன்ன ஒவ்வொரு வரியும் எனக்கு மனப்பாடம்.

மூன்றாம் வெள்ளி கழிந்து, முதலாளி வீட்டு முன்கூடத்தில் கூட்டம் போட்டார்கள். கோயில் ஆட்கள் எல்லோரும் இருந்தார்கள். பூவம்மாளை நிற்க வைத்துக் கேட்டார்கள். முனிசாமி அவள் பின்னால் துண்டைப் பிசைந்துகொண்டு நின்றான்.

'பாட்டு யாரும்மா எழுதிக் குடுத்தது?' என்றார் முதலாளி.

'யாரும் குடுக்கலீங்க. நானே கட்டினேன்.'

'உமாபதியா?'

'அவனுக்குச் செவுத்துல ஓட்டு கேக்கவே எழுத்துப் பிழை வருது. அவன் எங்க பாட்டு எழுத?'

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். முதலாளி சிரிக்கவில்லை.

'அப்போ உனக்கு இது எப்படித் தோணிச்சு?'

'என் கல்யாணத்தன்னிக்கு ஒரு வாட்டி பட்டு கட்டினேனுங்க. வைகாசி மாசம். அன்னிக்கு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அம்மா ஆடி மாசத்துல, கூட்டத்துக்கு நடுவுல, அத்தினி மாலையும் போட்டுக்கினு நிக்கறாளே, அவளுக்கு எப்படி இருக்கும்னு நெனச்சேன். அவ்ளோதான்.'

இதை ஒருவரும் நம்பவில்லை. இவ்வளவு சின்னக் காரணத்துக்கா இவ்வளவு பெரிய பாட்டு? எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நானும் உதட்டைப் பிதுக்கினேன்.

முதலாளி ஒரு தாளை எடுத்து, பள்ளிக்கூட வாத்தியார் ஒருவரைக் கொண்டு பாட்டைத் திருத்தி வைத்திருப்பதாகச் சொன்னார். படித்தும் காட்டினார். 'கட்டிவிட்ட பட்டுக்குள்ள கலகலன்னு சிரிக்கிறண்டி, காஞ்சிப் பட்டு போல ஒரு சேலை உண்டோ சொல்லுங்கடி' என்று போயிற்று. கடைசி வெள்ளிக்கு அதே மைக்கில், அதே மெட்டில் இதைப் பாட வேண்டும். பாடினால் முனிசாமிக்கு அடுத்த பாவு உண்டு. இல்லையென்றால் தறியில் இருக்கிற சேலையை அறுத்துக் கொடுத்துவிட்டு வேறு இடம் பார்த்துக்கொள்ளலாம்.

அன்று வீட்டுக்கு வந்ததும் முனிசாமி அதிசயமாக வாயைத் திறந்தான். சுவர் வழியாக எனக்குக் கேட்டது.

'பாடிட்டுப் போயேன். நாலு வரிதானே.'

'நாலு வரிதான். அது என்னுதாச்சேய்யா' என்றாள் பூவம்மாள்.

'பாட்டு சோறு போடுமா?'

மறுநாள் காலையிலிருந்து வாத்தியார் பாட்டை உருப்போட ஆரம்பித்தாள். உருப்போடுவது என்றால் எப்படி இருக்கும் என்று அன்றுதான் கேட்டேன். ஒரே வரி, ஒரே மாதிரி, திரும்பத் திரும்ப, உயிரே இல்லாமல். நடுவில் 'ப்ச்' இல்லை. மாற்றிப் பார்ப்பது இல்லை. எவனோ எழுதியதை எதற்கு மாற்றப்போகிறாள்? ஜாடியில் சாயப் பொடியைக் கரைத்துக்கொண்டிருந்தவன் கையை அப்படியே நிறுத்திவிட்டேன். அப்படியானால் ஆடிக்கு முன்னால் நான் கேட்டது என்ன? உருப்போடுகிறவள் நல்ல வரியைச் சொல்லிப் பார்த்துவிட்டு ஏன் விட வேண்டும்? என் சந்தேகம் அன்றைக்குத்தான் திரும்பி என்னையே பார்த்தது. எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது.

கடைசி வெள்ளி வந்தது. அம்மனுக்குப் புதுச் சேலை சாத்தியிருந்தார்கள். ரத்தச் சிவப்பு. பார்த்ததும் எனக்கு உறுத்தியது. வழக்கமாக அந்த உபயச் சேலைக்கு நூல் என்னிடம்தான் சாயத்துக்கு வரும். இந்த வருஷம் வரவில்லை. முதலாளி வேறு எங்கேயோ சாயம் போட்டிருக்கிறார், அதுவும் மலிவாகத்தான் என்று அந்தச் சிவப்பைப் பார்த்தாலே தெரிந்தது. ஆனால் வேலை போனவன் சொன்னால் வயிற்றெரிச்சல் என்பார்கள். பேசாமல் இருந்தேன்.

பகல் உச்சிக்கு மஞ்சள் தண்ணீர் ஊற்று. பெண்கள் குடம் குடமாக வேப்பிலை போட்ட மஞ்சள் தண்ணீரை அம்மன் மேல் வாரி ஊற்றினார்கள். அது முடிந்து பூவம்மாளைக் கூப்பிட்டார்கள். முதலாளி முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். ஷரீஃப் பாய் மைக்கைத் தட்டிப் பார்த்துவிட்டு நகர்ந்தார். பூவம்மாள் வந்து நின்றாள். வாயைத் திறக்கவில்லை. முனிசாமி கீழே நின்று கையால் ஜாடை காட்டுகிறான், பாடு, பாடு என்று. அவள் அவனைப் பார்த்தாள், மைக்கைப் பார்த்தாள், உதடு ஒட்டிக்கொண்டதுபோல நின்றாள்.

அப்போதுதான் சந்நிதியில் ஒருத்தி அலறினாள்.

'அய்யோ, அம்மாவுக்கு வேர்க்குதடி! ரத்தமா வேர்க்குதடி!'

எல்லோரும் ஓடினோம். அம்மன் பாதத்தில் சிவப்பாக வழிந்துகொண்டிருந்தது. பீடம் முழுக்கச் சிவப்பு. கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. ஒரு பெண்ணுக்கு ஆவேசம் வந்துவிட்டது. தலைமுடியை விரித்துப்போட்டு, 'நூல்சேல குடுங்கடி, எனக்கு நூல்சேல குடுங்கடி' என்று ஆடினாள். பாட்டில் வந்தது பலித்துவிட்டது! வேறு என்ன வேண்டும்? பூவம்மாளைக் கையெடுத்துக் கும்பிட ஆரம்பித்துவிட்டார்கள். உமாபதி எழுதிக் கொடுத்த பாட்டு என்று சத்தியம் செய்த பூசாரியே அவள் நெற்றியில் விபூதியை அப்பினார்.

நான் முதலாளியைப் பார்த்தேன். அவர் முகம் வெளுத்துக் கிடந்தது, பக்தியால் அல்ல. குனிந்து பீடத்தை ஒரு தேய் தேய்த்தேன். கட்டை விரல் சிவந்தது. முகர்ந்து பார்த்தேன். ரத்தமாவது, வேர்வையாவது! காசுக்குப் பத்துப் பொட்டலம் கிடைக்கிற பொடி. அம்மனுக்கே பூச்சுச் சேலை கட்டியிருக்கிறார் மனுஷர்.

அவருக்கும் அது தெரியும். அதனால்தான் விறுவிறுவென்று நடந்து போய் மைக்கைப் பிடித்தார்.

'ஜனங்களே! நாம தப்பு பண்ணிட்டோம். அது பூவம்மா பாட்டில்ல. அம்மாவே அவ நாக்குல வந்து சொன்ன வாக்கு. இனிமே வருஷா வருஷம் அம்மாவுக்கு நூல் சேலையும் சேத்து சாத்துவோம். அந்தப் பாட்டையே பாடும்மா. முனிசாமி, உன் பாவு நாளைக்கே ஊட்டுக்கு வரும்யா!'

ஆகா, என்ன மூளை என்று நினைத்துக்கொண்டேன். சாயம் போனது தெரிந்தால் அவர் மானம் போய்விடும். அற்புதம் என்றால் அவருக்கும் நல்லது, முனிசாமிக்கும் நல்லது. பாட்டுக்கும் தடை நீங்கிற்று. முனிசாமி அழுதுவிட்டான். பூவம்மாள் கண்ணை மூடிக் கும்பிடு போட்டுவிட்டுப் பாடியிருந்தால் போதும்.

அவள் மைக்கிடம் வந்தாள்.

'அம்மா சொல்லலீங்க' என்றாள்.

குழாய் அதைத் தெருவெல்லாம் கொண்டுபோய்ச் சேர்த்தது.

'மொதல்ல வியாபாரி எழுதிக் குடுத்தான்னு சொன்னீங்க. அப்புறம் என் கொழுந்தன் எழுதிக் குடுத்தான்னீங்க. இப்போ அம்மா எழுதிக் குடுத்தான்றீங்க. யாருனா எழுதிக் குடுக்கலாம், நான் மட்டும் கட்டக் கூடாதா? அது ரத்தம் இல்ல, சாயம். சபாபதிண்ணா தேச்சுப் பாத்துச்சு, நான் பாத்துக்கினுதான் இருந்தேன். சொல்லுண்ணா.'

அத்தனை தலையும் என் பக்கம் திரும்பிற்று. முதலாளியின் கண்ணும்தான். அவர் நூலும் மாதா மாதம் என் ஜாடியில்தான் விழுகிறது. அதை அவர் எனக்கு வாயால் ஞாபகப்படுத்த வேண்டிய அவசியமில்லை. யாருக்கும் எதற்கும் ஜாமீன் நிற்காமலே தலை நரைத்தவன் நான். கால் எப்படி நகர்ந்ததோ தெரியாது, மைக் முன்னால் நின்றேன். கட்டை விரலைத் தூக்கிக் காட்டினேன்.

'சாயம்தான்' என்றேன். 'மட்டமான சாயம்.'

கூட்டத்தில் ஒரே கூச்சல். 'பொறாமையில சொல்றான்' என்று ஒருவன் கத்தினான். ஒரு கிழவி தன் வெள்ளை முந்தானையை அம்மன் சேலையில் தேய்த்துப் பார்த்துவிட்டு, சிவந்த நுனியைத் தூக்கிக் காட்டினாள். முதலாளி எழுந்து நின்றார்.

'சரிப்பா, சாயம்னே வச்சுக்குவோம். பாட்டு அவ கட்டினதுன்னு உனக்கு எப்படித் தெரியும்? நீ பாத்தியா?'

'பாக்கல, கேட்டேன்' என்றேன். 'எழுதிக் குடுத்தத உருப்போடறவ எதையும் தூக்கிப் போட மாட்டா. இவ தூக்கிப் போட்ட வரி எனக்குத் தெரியும், பாட்டுல இல்லாத வரி. யாருனா எழுதிக் குடுத்திருந்தா இது எங்கேருந்து வந்துது?'

என் கரகர குரலில், ஷரீஃப் பாயின் மைக்கில், அவள் ஆனி மாதம் சொல்லிப் பார்த்துக் கழித்துவிட்ட வரியைப் பாடினேன்.

'கூழு குடிச்ச வயிறு எனக்குக் குளுகுளுன்னு இருக்குதடி,
கொசுவம் வச்ச பட்டு மட்டும் கொதிகொதின்னு கொதிக்குதடி.'

இன்னும் இரண்டு மூன்றும் பாடினேன். கூச்சல் கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது. பூவம்மாள் மட்டும் என்னை முறைத்துக்கொண்டே நின்றாள். பிறகு என்னை நகர்த்திவிட்டு, தன் பாட்டைத் தன் வார்த்தையிலேயே முழுக்கப் பாடினாள். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. கேட்டார்கள்.

முனிசாமிக்குப் பாவு வரவில்லை. எனக்கும் முதலாளி வீட்டு நூல் நின்றுவிட்டது. ஐப்பசி வாக்கில் தெலுங்கு பேசுகிற ஒரு செட்டியார் முனிசாமிக்குப் பாவு கொடுத்தார். அதுவரை அந்த வீட்டில் அடுப்பு எப்படி எரிந்தது என்று நான் விசாரிக்கவில்லை, அவளும் சொல்லவில்லை. மெல்லிசைக் குழுக்காரர்கள் இன்னமும் அதை 'நாட்டுப் பாட்டு' என்றுதான் அறிவிக்கிறார்கள். நான் கூட்டத்தில் இருந்தால் எழுந்து நின்று, 'பிள்ளையார்பாளையம் பூவம்மா கட்டினதுய்யா!' என்று கத்துவேன். உட்கார் உட்கார் என்று பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து இழுப்பார்கள்.

அந்த வெள்ளிக்கு மறுநாள் காலை சுவருக்கு அந்தப் பக்கம் தறிச் சத்தம் இல்லை. எனக்கு என்னவோ போல் இருந்தது. ஏதாவது சொல்லலாம் என்று சுவர் ஓரம் போனேன். அவளே முந்திக்கொண்டாள்.

'ஏண்ணா, அந்த வரியைப் போய் மைக்ல பாடினியே, உனக்கு அறிவிருக்குதா?'

நன்றி சொல்வாள் என்று எதிர்பார்த்தவன் நான்.

'இன்னாம்மா, உனக்காகத்தானே...'

'அது நல்லா இல்லன்னுதானே உட்டேன்! கொதிக்குதுன்னு போட்டா அம்மா கோவமா இருக்கறா மாதிரி ஆயிடும். அவ கோவமாவா இருக்கறா? புழுக்கமா இருக்கறாண்ணா.'